மைத்துனரின் லாரிக் கடனும் நீதிமொழிகளும்: பிணைக் கையெழுத்து குறித்து ஒரு பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை ஆலை ஒன்றில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய மனைவியின் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஒன்றைக் கடனில் வாங்கப் போகிறார். கடன் கொடுக்கும் நிறுவனம் ஜாமீன்தாரர் ஒருவரைக் கேட்கிறது. குடும்பம் முழுவதும் இவரையே பார்க்கிறது. வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகம் பிணைப்படாதே என்கிறது. ஆண்டவர் இயேசுவோ மலைப்பிரசங்கத்தில், "உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு, உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே" என்கிறார். இரண்டில் எதைக் கேட்பது? மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்காள் மகனின் காருக்குப் போட்ட கையெழுத்து ஒன்றும் இருக்கிறது. அதை என்ன செய்வது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாரிக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் வெறுங்கையோடு மறுக்கவும் வேண்டாம். வேதம் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுவதாக நீங்கள் நினைக்கும் இடத்தில் முரண் இல்லை என்பதே இந்தப் பதிலுக்கு அடிப்படை.

நீதிமொழிகளில் பிணையைப் பற்றி ஆறு இடங்களில் பேச்சு வருகிறது: 6:1-5, 11:15, 17:18, 20:16, 22:26-27, 27:13. இவற்றில் சில வசனங்கள் 'அந்நியனுக்காக' என்று சொல்வதால், தெரியாதவனுக்குத்தான் பிணை நிற்கக் கூடாது, சொந்தக்காரனுக்கு நிற்கலாம் என்று பிரசங்க மேடையிலும் கல்யாணப் பந்தலிலும் விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அந்த விளக்கம் நிற்காது. ஆறாம் அதிகாரம் 'உன் சிநேகிதனுக்காக' என்றுதான் தொடங்குகிறது. பதினேழாம் அதிகாரம் புத்தியீனன் தன் சிநேகிதனுக்கு முன்பாகக் கையடித்துக் கொடுத்துப் பிணைப்படுவதைப் பற்றியே பேசுகிறது. நீதிமொழிகளை எழுதிய ஞானிக்கு நன்றாகத் தெரியும், முன்பின் தெரியாதவனுக்கு நாம் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று. நம்மைச் சிக்கவைப்பது முகத்தாட்சண்யம். அது பழகிய முகத்துக்குத்தான் உண்டு.

இருபதாம் அதிகாரத்தையும் இருபத்தேழாம் அதிகாரத்தையும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்நியனுக்காகப் பிணைப்பட்டவனுடைய வஸ்திரத்தை எடுத்துக்கொள் என்று அவை சொல்கின்றன. இது கடன் கொடுப்பவனை நோக்கிய பேச்சு. பிணை நிற்பவன் தடுமாறப் போகிறவன், ஆகையால் அவனிடமிருந்து ஏதாவது ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொள் என்பது அதன் பொருள். உங்களைக் கையெழுத்துப் போடாதே என்று தடுக்கும் அதே புத்தகம், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் உங்களை எந்தக் கணக்கில் பார்க்கிறார் என்பதையும் காட்டிவிடுகிறது. கடன் அதிகாரி சிரித்த முகத்தோடு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுக்கலாம். அவர் ஜாமீன் கேட்பதற்குக் காரணம், கடன்காரர் கட்டமாட்டார் என்ற சந்தேகம் அவருக்கே இருப்பதுதான். அந்தச் சந்தேகத்தை உங்கள் சம்பளத்தால் தீர்த்துக்கொள்கிறார்.

ஞானி இவ்வளவு கடுமையாகப் பேசுவதற்கு அந்தக் காலத்து நிலைமையும் காரணம். கடன் கட்ட முடியாதவன் அன்றைக்குப் பணத்தை மட்டும் இழக்கவில்லை. இரண்டு இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில், தீர்க்கதரிசியின் சீடன் ஒருவன் இறந்த பிறகு, கடன் கொடுத்தவன் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் நெகேமியா எருசலேமுக்கு வந்தபோது, வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்துவிட்டு, மகன்களையும் மகள்களையும் அடிமைத்தனத்துக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது என்று ஜனங்கள் கதறினார்கள். அதனால்தான் மோசேயின் சட்டம் கடன் கொடுப்பவனுக்கு வேலி போட்டது: ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாயும்முன் திருப்பிக் கொடு; மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகு வாங்காதே; அடகை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, அவனே வெளியே கொண்டுவந்து தரட்டும்.

இஸ்ரேல் நாட்டின் கடற்கரையோரம் மெசாத் ஹஷாவ்யாஹு என்ற பழைய கோட்டையில், 1960-ஆம் ஆண்டு எழுத்துள்ள மட்பாண்ட ஓடு ஒன்று கிடைத்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அறுவடைக் கூலி ஒருவன் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. தன் பங்கு வேலையை முடித்துவிட்டதாகவும், அப்படியிருந்தும் மேலாள் தன் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டதாகவும், உடன் அறுத்தவர்கள் தனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்றும், ஆடையைத் திருப்பிக் கொடுக்கச் செய்ய வேண்டும் என்றும் அவன் முறையிடுகிறான். குலைக் கணக்குக் குறைந்ததென்று சம்பளம் பிடிக்கப்பட்டவர்கள் இதைப் படித்தால் அந்தக் கூலியை அடையாளம் கண்டுகொள்வார்கள். போர்வையைப் பற்றிய சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மனிதர்களில் ஒருவனின் குரலே அந்த ஓட்டில் இருக்கிறது.

நம் ஊருக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. கங்காணி முறையில் ஆள் சேர்த்த காலத்தில் கப்பல் செலவும் முன்பணமும் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறின. அதே முறை நடந்த இலங்கையில், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். அந்தச் சீட்டில் அவன் கடன் எழுதப்பட்டிருக்கும். புதுத் தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் இருந்த இடத்தில்தான் மனிதன் இருந்தான். இந்த நினைவை வைத்துக்கொண்டு, "நீ உன் வாய்மொழிகளால் சிக்குண்டாய்" என்ற வசனத்தை வாசித்தால் ஞானியின் பதற்றம் மிகையாகத் தோன்றாது.

இப்போது உங்கள் முதல் சிக்கலுக்கு வருகிறேன். ஆண்டவர் சொன்னது கொடுப்பதைப் பற்றியும் கடன் கொடுப்பதைப் பற்றியும். இரண்டும் உங்கள் கையில் இன்று இருக்கும் பணத்திலிருந்து நடப்பவை. போனால் எவ்வளவு போகும் என்பது கொடுக்கும் நேரத்திலேயே உங்களுக்குத் தெரியும். லூக்கா ஆறாம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், திரும்பி வரும் என்று எதிர்பாராமல் கடன் கொடுங்கள் என்கிறது. அதாவது கடனாகக் கொடுத்ததையும் போனதாகவே எண்ணிக்கொள்ளச் சொல்கிறது. பிணை அப்படிப்பட்டதன்று. இன்று நீங்கள் ஒரு காசும் கொடுப்பதில்லை. ஆகவே அது தாராளம்போல் தெரிகிறது, வலியும் இல்லை. நாளைக்கு உங்களிடம் இருக்குமோ இருக்காதோ தெரியாத பணத்தை, இன்னொருவருடைய உழைப்பும் உடல்நலமும் நாணயமும் எப்படிப் போகுமோ அதன்படி, மூன்றாவது ஒருவருக்குத் தருவதாகச் சொல்லிவிடுகிறீர்கள். மலைப்பிரசங்கத்தில் இதற்குக் கட்டளை இல்லை. நீதிமொழிகளில் தடை இருக்கிறது. கொடு என்பதும், உன்னிடம் இல்லாததை வாக்களிக்காதே என்பதும் எளிதாகச் சேர்ந்து நிற்கும்.

அப்படியானால் வேதத்தில் யாருமே பிணை நின்றதில்லையா என்று கேட்கலாம். நின்றிருக்கிறார்கள், அந்த இடங்களைக் கவனமாகப் பார்ப்பது நல்லது. ஆதியாகமத்தில், தன் கடைசி மகன் பென்யமீனை அண்ணன்மாரோடு எகிப்துக்கு அனுப்ப யாக்கோபு மறுக்கிறார். மூத்தவன் ரூபன் முதலில் முன்வருகிறான்: அவனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு குமாரரையும் கொன்றுபோடும் என்கிறான். கிழவர் அதை ஏற்கவில்லை. தன் பேரப்பிள்ளைகளின் உயிரை எந்தத் தாத்தா ஈடாக வாங்குவார்? பிறகு யூதா வருகிறான். அவன் பிள்ளைகளை இழுக்கவில்லை. என்னிடத்தில் கேளும், குற்றம் எந்நாளும் என்மேல் இருக்கட்டும் என்கிறான். தகப்பன் சம்மதிக்கிறார். வெள்ளிப் பாத்திரம் பென்யமீனின் சாக்கில் அகப்பட்டபோது யூதா பேச்சை மாற்றவில்லை. தம்பிக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி எகிப்தின் ஆளுநன் முன்னால் கெஞ்சினான்.

ரூபனுக்கும் யூதாவுக்கும் இருக்கும் இந்த வேறுபாட்டையே உங்கள் வழக்குக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஜாமீன் படிவத்தில் கையெழுத்துப் போடும் தகப்பன்மார் பெரும்பாலும் யூதா என்று தங்களை நினைத்துக்கொண்டு ரூபனாக நடந்துகொள்கிறார்கள். மைத்துனரின் லாரி நின்றுபோனால் முதலில் போவது உங்கள் சாப்பாடு அல்ல. மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுத் தவணை, முதுமைக்கென்று சேர்த்து வைத்திருக்கும் பணம் ஆகியவையே போகும். இவற்றில் உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள பங்கை, அவர்களைக் கேட்காமல் நீங்கள் ஈடு வைக்கிறீர்கள்.

பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் பவுல், உன் அடிமை ஒநேசிமு உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள், நானே செலுத்துவேன் என்று சொந்தக் கையால் எழுதுகிறார். அது நடந்து முடிந்த ஒரு நஷ்டம், அளவு தெரிந்தது. வருங்காலத்தில் ஒநேசிமு வாங்கப்போகும் கடனுக்கெல்லாம் பவுல் பொறுப்பேற்கவில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன், மேற்கொண்டு ஆகும் செலவையும் தருகிறேன் என்று சத்திரக்காரனிடம் சொன்னது உண்மை. ஆனால் அவன் இரண்டு வெள்ளிக்காசை முதலில் எண்ணி வைத்துவிட்டு, அந்தச் செலவைத் தன் கடனாகவே ஏற்றுக்கொண்டான். அடிபட்டவன் கட்டாவிட்டால் பார்க்கலாம் என்று அவன் சொல்லவில்லை.

உங்கள் மனைவி வீட்டார் கத்தோலிக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய வேதாகமத்தில் சீராக்கின் ஞானம் என்ற நூல் இருக்கிறது. மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் பயன்படுத்தும் வேதாகமத்தில் அது இல்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அந்த நூல் நீதிமொழிகளைவிடச் சற்று இளகிப் பேசுகிறது. நல்லவர் பிறருக்குப் பிணை நிற்பார், பிணை நின்றவரின் உதவியை மறக்காதே என்று இருபத்தொன்பதாம் அதிகாரம் சொல்கிறது. சொல்லிவிட்டு, செழிப்பாயிருந்த பலரைப் பிணை அழித்திருக்கிறது என்றும் சேர்க்கிறது. எட்டாம் அதிகாரம் உன் சக்திக்கு மிஞ்சிப் பிணை நிற்காதே, நின்றால் நீயே கட்டவேண்டியவன் என்று எண்ணிக்கொள் என்கிறது. இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியாது. மைத்துனருடன் பேசும்போது அவருடைய வேதாகமத்திலிருந்தே எடுத்துக் காட்டலாம்.

அளவுகோலை மலேசியச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம். பாதி என்றோ பிறகு என்றோ இல்லை. அதே சட்டத்தின் 79-ஆம் பிரிவு, பிணை எழுத்திலும் இருக்கலாம், வாய்மொழியாகவும் இருக்கலாம் என்கிறது. மளிகைக் கடையில் 555 நோட்டில் பற்று எழுதும்போது "நான் இருக்கிறேன், கொடுங்க" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கூட்டு எனப்படும் ஏலச்சீட்டுப் பிடிப்பதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும், முதல் ஏலத்தை எடுப்பவனுக்காக இன்னொருவன் வாய்வார்த்தை கொடுக்கும் பழக்கம் நம் வரிசை வீடுகளில் முற்றிலும் போய்விடவில்லை. "வாயின் மொழிகளால் பிடிபட்டாய்" என்பது அங்கேயும் பொருந்தும்.

இனி, லாரியையும் காரையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய திவால் சட்டம் 2017 அக்டோபர் 6 முதல் 1967-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் என்ற பெயரில் திருத்தங்களோடு நடைமுறைக்கு வந்தபோது, 'சமூக ஜாமீன்தாரர்' என்ற வகையினரைத் திவாலாக்கக் கூடாது என்று ஆனது. இலாப நோக்கமின்றி, கல்விக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் தவணைக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கான கடனுக்கோ பிணை நிற்பவர் அந்த வகையில் வருவார். அக்காள் மகன் அந்தக் காரைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தால் நீங்கள் அந்தப் பாதுகாப்பில் இருக்கிறீர்கள். குலை ஏற்றும் லாரி தொழில் வாகனம். அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே, கடன்காரர்மீது எல்லா நடவடிக்கைகளையும் எடுத்து முடித்த பிறகு நீதிமன்ற அனுமதி பெற்று உங்கள்மேல் திவால் வழக்குத் தொடரலாம். அதற்கான கடன் வரம்பு இப்போது 1,00,000 ரிங்கிட். பழைய பாக்கியும் வட்டியும் சேர்ந்தால் லாரிக் கடன் ஒன்று அதைத் தொடுவது கடினமன்று. கனரக லாரி 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் பாதுகாப்புக்கும் வெளியே நிற்கிறது. சரக்கு வாகனத்துக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் மொத்த எடை வரம்பு 2,540 கிலோ.

சமூக ஜாமீன்தாரர் என்பதாலும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். திவாலாக்க முடியாது என்பதற்கு வழக்குப் போட முடியாது என்று பொருள் இல்லை. தீர்ப்பு வாங்கி, உங்கள் வங்கிக் கணக்கையும் சொத்தையும் தொடலாம். நீதிமொழிகள் 22:27, செலுத்த உன்னிடம் ஒன்றும் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையை அவன் எடுத்துக்கொள்வானே என்று எச்சரிக்கிறது. இந்த ஓரிடத்தில் மட்டும் நம் நாட்டுச் சட்டம் ஞானி அஞ்சியதைவிடக் கனிவானது: திவாலானவரின் குடும்பத்துப் படுக்கையையும் உடைகளையும் தொழில் கருவிகளையும் குறிப்பிட்ட மதிப்புவரை விட்டுவைக்கிறது. திரிகைக் கல்லை எடுக்காதே என்ற உபாகமத்துக் கட்டளையின் சாயல் அதில் தெரிகிறது.

சிலர், "இயேசுவே நமக்குப் பிணையாளியானார், நீ உன் மச்சானுக்கு ஆகக் கூடாதா?" என்று எபிரெயர் ஏழாம் அதிகாரத்தைக் காட்டி அழுத்தம் கொடுப்பார்கள். அந்த வசனம் மேலான உடன்படிக்கையைப் பற்றியது. லாரிக் கடனுக்கு அதைச் சான்றாகக் கொண்டுவருவது முறையன்று. இருந்தும் வாதத்துக்காக எடுத்துக்கொண்டாலும், அவர் முழு விலையையும் அறிந்து, தம்முடையதிலிருந்து, தாமே செலுத்தினார். அப்படிச் செலுத்த இயலுமானால் மைத்துனருக்கு ஜாமீன் எதற்கு? லாரியையே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

மறுப்பதை எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். அவர் உங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். நாளைக்கு மகளின் திருமணத்தில் முன்வரிசையில் நிற்க வேண்டியவர். ஆகவே மனைவியைத் தூது அனுப்பாதீர்கள். அவர் அண்ணனுக்கும் உங்களுக்கும் நடுவில் நசுங்குவார். முதலில் மனைவியோடு உட்கார்ந்து, திரும்பி வராவிட்டாலும் குடும்பம் தாங்கும் தொகை எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். அந்தத் தொகையோடு நேராக மைத்துனரிடம் போங்கள். "மச்சான், ஜாமீன் என்னால் முடியாது, முன்பணத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டியதில்லை" என்று சொல்லுங்கள். முன்பணம் கூடினால் கடன் குறையும். சில சமயம் ஜாமீன் தேவையே இல்லாமல் போகும். சிறிய வண்டியில் தொடங்குவது, ஆலையோடு குலை ஏற்றும் ஒப்பந்தம் கையில் வந்த பிறகு கடன் கேட்பது போன்ற வழிகளையும் பேசலாம். தாமதிக்காமல் போங்கள், அவர் உங்களை நம்பி வண்டிக்கு அச்சாரம் கொடுத்த பிறகு மறுப்பது வேறொரு அநியாயம்.

அக்காள் மகனின் காருக்குப் போட்ட கையெழுத்தை மறுக்க வழி இல்லை, மறுக்கவும் கூடாது. தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணையிட்டதில் தவறாதவனையே பதினைந்தாம் சங்கீதம் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் என்கிறது. ஆனால் நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம், பிடிபட்டவன் கண்ணுக்கு நித்திரை வரவிடாமல் போய், தன்னைத் தாழ்த்தி, நண்பனை வருந்திக் கேட்டு, வேடன் கைக்குக் குருவி தப்புவதுபோலத் தப்பிக்கொள் என்கிறது. அதாவது ஏமாற்றாமல், கெஞ்சி விடுதலை பெறு. இன்றைய நடைமுறையில் அதைச் செய்வதற்கு, ஜாமீன் பத்திரத்தின் நகலை எடுத்துப் படியுங்கள். வங்கிக்கு எழுத்து மூலம் மிச்சத் தொகையையும் தவணைப் பாக்கியையும் கேளுங்கள். தவணை தவறினால் உங்களுக்கும் அறிவிக்கச் சொல்லுங்கள். மருமகனிடம், தன் சம்பளம் உயர்ந்திருந்தால் கடனைத் தன் பெயரிலேயே மாற்றி எழுத வங்கியை அணுகச் சொல்லுங்கள். அவர் தவறி நீங்கள் கட்டினால், கட்டிய தொகையை அவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையை ஒப்பந்தச் சட்டம் உங்களுக்குத் தருகிறது. இன்னொரு ஜாமீன்தாரரும் இருந்தால் சுமையைச் சமமாகப் பகிரக் கேட்கலாம். ஆகையால் ஒவ்வொரு ரசீதையும் வைத்திருங்கள். தவணைகள் ஏற்கெனவே தேங்கியிருந்தால், மத்திய வங்கி 2006-இல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை அமைப்புக்கு மருமகனையும் அழைத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். ஆலோசனைக்கு அங்கே கட்டணம் இல்லை. கடன் அவருடையது என்பதால், அங்கே முதலில் பேச வேண்டியவர் அவரே.